மாட்டுக்கு வாயில் எச்சில் ஒழுகினால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்

மாடு தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது, வாயிலிருந்து எச்சில் இழை இழையாக இறங்குகிறது, புல்லை மோந்து பார்த்துவிட்டு ஒதுங்குகிறது என்றால் நம் ஆட்கள் செய்யும் முதல் வேலை என்ன? சட்டைக் கையை மடித்துவிட்டு, தாடையைப் பிளந்து, தொண்டைக்குள் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று துழாவுவது. மாங்கொட்டையோ சோளத் தண்டோ சிக்கியிருக்கும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று தாத்தா காலத்திலிருந்து ஒரு நம்பிக்கை. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நாட்டால் மாகாணத்தில் மாடு வளர்ப்பவர்களிடம் இன்றைக்கு இதைவிட ஆபத்தான பழக்கம் எதுவும் இல்லை என்பேன். டாங்காட், வெருலம், ஸ்டாங்கர் பக்கம் கரும்புக்காட்டு ஓரத்தில் நாலு மாடும் சில ஆடுகளும் வைத்திருப்பவர்களுக்கும், ஃபீனிக்ஸிலோ சாட்ஸ்வர்த்திலோ வீட்டில் நாய் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தேதான் இதை எழுதுகிறேன்.

காரணம் இதுதான். எச்சில் ஒழுக வைக்கும் இரண்டு நோய்கள் நம் மாகாணத்தில் ஒரே சமயத்தில் இருக்கின்றன. ஒன்று கோமாரி. 2019 ஜனவரியில் லிம்போப்போவில் இது கிளம்பியபோது கோமாரி இல்லாத பகுதி என்ற உலக அங்கீகாரம் தென்னாப்பிரிக்காவின் கையைவிட்டுப் போனது. 2021 மே மாதம் நம் மாகாணத்தின் வடக்கே தலைகாட்டியது, 2022 ஆகஸ்டில் நாடு முழுக்க மாடுகளை 21 நாள் எங்கும் கொண்டுபோகக் கூடாது என்று அரசு தடை போடும் அளவுக்கு முற்றியது, 2025-இல் கௌட்டெங் மாகாணத்து ஹைடல்பர்க் பக்கத்துப் பெரிய கொழுப்பேற்றும் பண்ணை வரை போய்விட்டது. இன்னொன்று ரேபிஸ். மொசாம்பிக் பக்கமிருந்து 1970-களில் நாய்கள் வழியாக வந்தது, இன்றுவரை நம்மைவிட்டு முழுசாகப் போகவில்லை. வெறிநாய் கடித்த மாட்டுக்கும் ஆட்டுக்கும் அது வரும்.

கோமாரி மனிதருக்கு ஒன்றும் செய்யாது. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் மனிதர் பிழைப்பதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே எச்சிலில்தான் ஆரம்பிக்கும். இப்போது எங்கே பார்த்தாலும் கோமாரிப் பேச்சாக இருப்பதால், எச்சில் ஒழுகினாலே கோமாரிதான் என்று முடிவுகட்டி, நாக்கில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்க வாயைத் திறந்துவிடுகிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், எச்சிலைக் கண்டால் ரேபிஸ் என்று நினைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். கோமாரி என்று பிறகு தெரிந்தால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

வேலிக்கு வெளியே நின்றே நிறையப் பார்க்கலாம். கோமாரி வந்த மாடு பெரும்பாலும் தனியாக இருக்காது. இன்றைக்கு ஒன்று, இரண்டு மூன்று நாளில் பக்கத்தில் நின்றவை எல்லாம். உதட்டைச் சப்புச் சப்பென்று சப்பும், அந்தச் சத்தம் தொழுவத்துக்கு வெளியே வரை கேட்கும். காலை மாற்றி மாற்றி வைக்கும், குளம்பில் ஏதோ ஒட்டியதுபோல உதறும், ஏனென்றால் குளம்புப் பிளவில் கொப்புளம் வந்து உடைந்திருக்கும். பால் சட்டென்று இறங்கிவிடும், காம்பிலும் புண் இருந்தால் கன்றைக் கிட்ட விடாது. நாக்கு, ஈறு எங்கும் தோல் உரிந்து சிவந்து கிடக்கும். மாடு தானாக நாக்கை வெளியே நீட்டும்போது அது கண்ணில் படும், அதற்காக வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பெரிய மாடுகள் பெரும்பாலும் தேறிவிடும், இளங்கன்றுகள்தான் இதயம் பாதித்து திடீரென்று விழுந்து செத்துப்போகும். ஆடுகளிடம் ஒன்றும் பெரிதாகத் தெரியாது, லேசாக நொண்டும், அவ்வளவுதான். நோய் இருப்பதே தெரியாத அந்த ஆடும் ஊர் ஊராக நோயைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

ரேபிஸ் வேறு மாதிரி. பொதுவாக மந்தையில் ஒரே ஒரு மாடு. விழுங்க முடியாது, தாடை தொங்கும், குரல் மாறிவிடும். கரகரத்த குரலில் விட்டு விட்டுக் கத்திக்கொண்டே இருக்கும், சில நேரம் வாய் மட்டும் திறக்கும், சத்தம் வராது. சாணி போட முக்கி முக்கி நிற்கும், அதைப் பார்த்து மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் புகட்டப் போகிறவர்கள் உண்டு. பின்னங்கால் தள்ளாடும். சாதுவான மாடு முட்ட வரும், முரட்டு மாடு சாதுவாகிவிடும். பத்து நாளுக்குள் பெரும்பாலும் கதை முடிந்துவிடும். நாய் கடித்தது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் முன்னால் இருந்திருக்கும், காயம் ஆறி மயிரே முளைத்திருக்கும். ஆகையால் கடித்த தடம் இல்லை என்பது எதையும் நிரூபிக்காது.

டாங்காட் பக்கம் ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். கறவை மாடு ஒன்று வாளிக்குள் முகத்தை விட்டபடி ரொம்ப நேரம் நின்றது. வீட்டு அக்கா, "தண்ணி நல்லா குடிக்குது தம்பி, பயப்பட ஒண்ணுமில்லை" என்றார். வாளியைக் கவனித்தேன். தண்ணீர் எச்சிலில் குழம்பி நுரைத்துக்கொண்டிருந்ததே தவிர மட்டம் ஒரு விரலும் இறங்கவில்லை, கழுத்தில் விழுங்கும் அசைவு ஒன்றுகூட இல்லை. பிறகு பரிசோதனையில் ரேபிஸ் என்று உறுதியானது, அந்த வீட்டில் பால் கறந்தவர், வாயைத் துடைத்துவிட்டவர் எல்லோரும் ஊசிக்கு அலைந்தார்கள். அதிலிருந்து யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்: தண்ணீர் வாளியின் உள்பக்கம் எப்போதும் ஒரு கோடு போட்டு வையுங்கள். குடிக்கிறதா, குடிப்பதுபோல நிற்கிறதா என்று அந்தக் கோடு சொல்லிவிடும்.

மழைக்குப் பிறகு கொசு பெருகும் காலத்தில் வரும் மூன்று நாள் காய்ச்சலிலும் மாடு எச்சில் விடும், உடம்பு விறைத்து நொண்டும், தானாகத் தேறும். அதிலும் விழுங்கும் சக்தி குறைந்திருக்கும் என்பதால் வாயில் மருந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் அதுவே மாட்டைக் கொன்றுவிடும். ஆக எந்த நோயாக இருந்தாலும் சரி, எச்சில் விடும் மாட்டுக்கு வாய்வழியாக எதையும் புகட்டாதீர்கள்.

சரி, என்னதான் செய்வது? மாடு நிற்கும் இடத்தையே அடைத்துவிடுங்கள். குழந்தைகள், நாய்கள் கிட்டே போகக் கூடாது. கறப்பதை நிறுத்துங்கள். ஃபோனில் இரண்டு நிமிட வீடியோ எடுங்கள், நடை, குரல், எச்சில் மூன்றும் தெரிகிற மாதிரி. அப்புறம் ஸ்டேட் வெட்டை, அதாவது உங்கள் வட்டாரத்து அரசுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அந்த எண் இன்றைக்கே உங்கள் ஃபோனில் இருக்க வேண்டும், தேவைப்படும் நாளில் தேடக் கூடாது. கோமாரி, ரேபிஸ் இரண்டும் 1984-ஆம் ஆண்டின் 35-ஆம் எண் கால்நடை நோய்ச் சட்டத்தின் கீழ் வருபவை, சந்தேகம் வந்தாலே தெரிவிக்க வேண்டும். சொன்னால் பண்ணையை முடக்கிவிடுவார்கள் என்ற பயம் எனக்குப் புரியாமல் இல்லை, பால் விற்றுப் பிழைக்கிறவருக்கு அது வயிற்றில் அடிக்கிற விஷயம்தான். ஆனால் சொல்லாமல் இரவோடு இரவாகப் பக்கி என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றி ஏலத்துக்கு அனுப்பியவர்களால்தான் இது மாகாணம் விட்டு மாகாணம் தாவியது. அதை நான் எந்த விதத்திலும் நியாயப்படுத்த மாட்டேன்.

மாட்டை அறுத்து விற்றுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ரேபிஸ் இருந்தால் அறுப்பவர் கையில் எச்சிலும் மூளையும் படும். ரேபிஸை உறுதி செய்ய மூளைதான் வேண்டும், தலையை எடுத்து அனுப்புவதை அரசு மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் மாகாணத்துக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்கில் அல்லர்ட்டன் பரிசோதனைக் கூடம் இருக்கிறது.

கோமாரிச் சந்தேகமானால் கூடவே இன்னொரு வேலை. நோய் உங்கள் பூட்ஸிலும் டயரிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த தொழுவத்துக்குப் போகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் சலவை சோடா கரைத்து வாசலில் வையுங்கள், மண்ணையும் சாணியையும் தேய்த்துக் கழுவிய பிறகுதான் அதில் முக்க வேண்டும், அழுக்கோடு முக்கினால் பிரயோஜனம் இல்லை. பக்கத்து வீட்டு மாட்டைப் பார்த்து ஆறுதல் சொல்லப் போவதையும் அந்த நாட்களில் விட்டுவிடுங்கள். தடுப்பூசியைப் பொறுத்தவரை, இது ஒரு தடவை போட்டு மறந்துவிடுகிற ஊசி இல்லை, சில மாதங்களில் பலம் குறைந்துவிடும், நம் பக்கத்துக் காட்டெருமைகளிடமிருந்து வரும் வைரஸ் வகைகளுக்கு ஏற்ற ஊசியாகவும் இருக்க வேண்டும். யாரோ கொண்டுவந்து கொடுக்கும் குப்பியை நம்பிப் போடாதீர்கள். டிப் டேங்கில், அதாவது உண்ணி போக மாடுகளை மருந்துத் தண்ணீரில் முக்கும் தொட்டியில், கால்நடைத் துறையினர் வரும் நாளில் மாட்டைக் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

எச்சில் கையில் பட்டுவிட்டது, அல்லது நாய் கடித்துவிட்டது என்றால் குழாயைத் திறந்து சோப்புப் போட்டு முழுசாக 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், நம் மனசுக்கு இரண்டு நிமிடமே பதினைந்தாகத் தோன்றும். பிறகு அயோடின் மருந்து இருந்தால் போடலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, எண்ணெய் எதுவும் வேண்டாம், கட்டும் போட வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்தால் 3, 7, 14 ஆகிய நாட்களிலும் போட வேண்டும், மொத்தம் நாலு, மேல்கையில். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தாலோ, கண்ணிலோ வாயிலோ பழைய வெட்டுக்காயத்திலோ எச்சில் பட்டிருந்தாலோ காயத்தைச் சுற்றிப் போடும், உடனே எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் சேர்ந்தே வேண்டும். அதைக் கொடுக்காமல் வெறும் தடுப்பூசியோடு அனுப்பினால் வாய்விட்டுக் கேளுங்கள், அங்கே இல்லை என்றால் எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நன்றாக இருந்தால் மிச்ச ஊசியை நிறுத்துவதா என்று டாக்டர் முடிவு செய்வார், ஆனால் அந்தப் பத்து நாள் காத்திருந்து பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்பது கூடவே கூடாது. சந்தேகமுள்ள மாட்டின் பாலைக் காய்ச்சாமல் குடித்தவர்களும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இந்த ரேபிஸுக்கு மூலம் நாய்தான் என்பதால் நாய்க்கு வருகிறேன். நாய்க்கும் பூனைக்கும் ரேபிஸ் ஊசி இங்கே சட்டப்படி கட்டாயம். மூன்று மாத வயதில் முதல் ஊசி, அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் இரண்டாவது, அதன் பிறகு மூன்று வருடத்துக்கு ஒரு தடவையாவது. உங்கள் மருத்துவர் வருடா வருடம் போடச் சொன்னால் தயங்காமல் போடுங்கள். அரசு முகாம்களில் இலவசம், செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினத்தை ஒட்டி முகாம்கள் கூடுதலாகவே நடக்கும். நிறையப் பேர் தவறவிடுவது அந்த இரண்டாவது ஊசியைத்தான். வெறிநாய் என்றால் தெருவில் கடிக்க ஓடிவரும் பெரிய நாய் என்று நினைக்காதீர்கள். தாடை தொங்கி, எலும்பு சிக்கியதுபோல மூலையில் படுத்திருக்கும் குட்டியும் வெறிநாய்தான், பிள்ளைகள் மடியில் எடுத்து வைத்துக்கொள்வதும் அதைத்தான். கேப் டவுன் பக்கம் விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: 2024-இல் அங்கே கடற்கரைக் கடல்நாய்களிடமும் ரேபிஸ் கண்டுபிடித்தார்கள், மணலில் படுத்திருப்பதன் பக்கத்தில் போய்ப் படம் எடுக்காதீர்கள், உங்கள் நாயையும் கயிற்றில் வையுங்கள்.

கடைசியாக ஆடி மாதம். கஞ்சி ஊற்றும் சமயத்தில் அம்மனுக்கு நேர்ந்த கிடா வாங்க எல்லோரும் கிளம்புவோம். நேர்ச்சையை விடச் சொல்லவில்லை, வாங்கும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். எந்தப் பண்ணை என்று தெரிந்தவரிடம் வாங்குங்கள், விலங்கு நலமாக இருக்கிறது என்று விற்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். கோமாரிக் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து ஆடு மாடு வெளியே வர ஸ்டேட் வெட்டின் அனுமதி வேண்டும், அது இல்லாமல் மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். வளர்ப்பதற்காக வாங்கினால் 28 நாள் தனியாகக் கட்டி வைத்த பிறகே உங்கள் மந்தையில் சேர்க்க வேண்டும், இதுவும் விதிதான். பூஜைக்குரிய கிடாவுக்கு அவ்வளவு நாள் கிடையாது, அதனால் அதை உங்கள் மாட்டுத் தொழுவத்துக்குள் ஒரு இரவுகூடக் கட்டாதீர்கள், ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டாதீர்கள். அறுத்த பிறகு தலை, கால், குடலை நாய்க்குப் போடாமல், பன்றி வளர்ப்பவருக்கும் கொடுக்காமல், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். கட்டியிருந்த இடத்தையும் கயிற்றையும் கழுவிவிட்டு அதே சலவை சோடாத் தண்ணீரை ஊற்றுங்கள்.