ஒத்திக்கு வீடு விடும்போது கோட்டை விடும் இடங்கள்

எட்டு லட்சம் வாங்கிக்கொண்டு வீட்டை ஒத்திக்கு விட்டால், அதாவது பணம் திரும்பும்வரை கொடுத்தவரே வீட்டை அனுபவிக்கும்படி அடமானம் வைத்தால், வாடகையிலேயே கடன் கழிந்துவிடும் என்று நம்பித்தான் பலர் கையெழுத்துப் போடுகிறார்கள். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை" என்று இருந்தால் ஒரு பைசா கழியாது. மாதம் 10,000 வாடகை போகும் வீட்டை 5 வருடம் அனுபவித்தால் அது 6 லட்சம், அசல் 8 லட்சமோ அப்படியே நிற்கும்.

சரி, வாடகையை வட்டிக்குப் போக மிச்சம் அசலில் வரவு வைப்பதாக எழுதினால்? வருடத்துக்கு 12% வட்டி என்றால் முதல் மாதம் 8,000 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 2,000தான். 5 வருடம் கழித்தும் சுமார் 6.37 லட்சம் பாக்கி இருக்கும், முழுசாகத் தீர ஏறக்குறைய பதின்மூன்றரை வருடம். "மூணு வருஷத்துல முடிஞ்சிரும்" என்று சொல்லும் தரகரிடம் இந்தக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள்.

சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 76 வரவு செலவுக் கணக்கு வைப்பதையும் அவசிய மராமத்தையும் ஒத்திக்காரர், அதாவது பணம் கொடுத்து வீட்டை அனுபவிப்பவர், பொறுப்பாக்குகிறது. ஆனால் வாடகை வட்டிக்கு ஈடு என்று எழுதிவிட்டால் பிரிவு 77 அந்த இரண்டையும் எடுத்துவிடும். மோட்டார் எரிந்தால் யார் மாற்றுவது என்பதையும் பத்திரத்திலேயே எழுதுங்கள், பிற்பாடு சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான்.

நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்வது அடுத்த தவறு. இப்படிப்பட்ட அடமானத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும், இரண்டு சாட்சிகளும் வேண்டும். பணம் கொடுப்பவருக்கு இது இன்னும் முக்கியம். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் கொடுத்துவிட்டு, அதே வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருப்பது தெரியவந்தால், வங்கி சர்ஃபாசி சட்டத்தில் (வாராக் கடனுக்கு அடமானச் சொத்தை எடுத்துக்கொள்ள வங்கிக்கு அதிகாரம் தரும் சட்டம்) வீட்டைக் கைப்பற்றும்போது அவர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அப்புறம், "கெடுவுக்குள் மீட்காவிட்டால் வீடு கிரயம் ஆகிவிடும்" என்ற வரிக்குப் பயப்பட வேண்டாம், மீட்கும் உரிமையை அப்படிப் பறிக்க முடியாது. ஒத்தி போன்ற அனுபவ அடமானத்தில் 30 வருடம் ஓடிவிட்டது என்பதாலேயே அந்த உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஒத்தி தீர்ந்தது என்று ஒத்திக்காரர் எழுதித் தரும் ரத்து ரசீதையும் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் விற்கப் போகிற அன்று வில்லங்கத்தில் பழைய ஒத்தி அப்படியே நிற்கும், ஒத்திக்காரரைத் தேடி அலைய வேண்டிவரும்.