எஸ்டிஐ வாங்குவதும் ஈஜே25 இன்ஜினை நல்லபடியாக வைத்திருப்பதும்

டர்போ சுபாரு வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் "யாருடைய இன்ஜின் போச்சு" என்பதில்தான் வந்து நிற்கும். கேட்டால் பெரும்பாலும் "திடீரென்று போய்விட்டது" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுபாருவின் ஈஜே வரிசை இன்ஜின் முன்கூட்டியே நிறையச் சொல்கிறது. ஆயில் குறையும், கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், கூலண்ட் மட்டம் இறங்கும். இதையெல்லாம் எங்கே, எப்போது, எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 2006 மாடல் இம்பிரெசா டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ. 2457 சிசி ஈஜே257 இன்ஜின் (ஈஜே25 வகைகளில் ஒன்று), ஆறு கியர், முன்னும் பின்னும் பிரெம்போ பிரேக். இங்கே வரும் எண்கள் அந்த வண்டிக்கானவை. ஆனால் டர்போ வைத்த பழைய ஜப்பானிய வண்டி எதுவாக இருந்தாலும் பார்க்கும் முறை இதேதான்.

வாங்கும் முன்

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே, "இன்ஜினைச் சூடாக்காமல் வையுங்கள்" என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது லேசாக ஒரு தட்டல் சத்தம் வந்து, சூடானதும் மறைந்தால் அது பெரும்பாலும் பிஸ்டன் தட்டுவது. இந்த இன்ஜினில் அது சகஜம். சூடாக ஆக கனமாகி, ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போது கூடவே எழும் அடிச்சத்தம் வேறு. அது கனெக்டிங் ராடு பேரிங். அந்த வண்டியை விலை பேசவே வேண்டாம்.

கம்ப்ரஷன் டெஸ்ட் மட்டும் போதாது, சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்டவுன் டெஸ்டும் கேளுங்கள். ஈஜே257 பிஸ்டன்கள் வார்ப்பு அலுமினியம். நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பது, தொடர்ந்தால், ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய விளிம்பு விரிசல் விடும். அப்படி விரிசல் விட்ட சிலிண்டர்கூட கம்ப்ரஷன் டெஸ்டில் ஓரளவு நல்ல எண்ணைக் காட்டிவிடும். லீக்டவுனில் காற்றை அடைத்துப் பிடித்துவிட்டு ஆயில் ஊற்றும் வாயில் காதை வைத்தால் உஸ்ஸென்று கேட்கும். நாலாவது சிலிண்டரைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். இந்த இன்ஜினில் தொல்லை அதிகம் பேசப்படுவது அங்கேதான்.

இன்னொன்று, முந்தைய உரிமையாளர் என்ன மாற்றினார், மாற்றிய பிறகு அதற்கேற்ப இன்ஜின் கம்ப்யூட்டரை யாரிடம் டியூன் செய்தார் என்று கேளுங்கள். பில் இருந்தால் நல்லது. "ஒன்றும் மாற்றவில்லை" என்று சொல்லும் வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டி இருக்கும் இடத்தில் பளபளவென்று ஒரு குழாய் தெரிந்தால், மீதி பேச்சையும் அதே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆயில்

இந்த வண்டியைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் ஆயிலைத்தான் சொல்வேன். இன்ஜினுக்குள் இருப்பது சுமார் நாலரை லிட்டர். டிப்ஸ்டிக்கில் மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர். ஆக, கீழ் குறியைத் தொட்டுவிட்டால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் வேகமாக ஒரு வளைவு எடுத்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப்பின் உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும். பேரிங் கெட அது போதும். டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி இருக்காதீர்கள். பிரஷர் கிட்டத்தட்ட இல்லை என்ற நிலைக்கு வந்த பிறகுதான் அது எரியும்.

டிப்ஸ்டிக் பார்ப்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கும் இந்த பாக்ஸர் இன்ஜினில் குழாயின் சுவரில் ஒட்டிய ஆயில் குச்சியில் இழுவிக்கொண்டு வந்து ஏமாற்றும். நான் பார்ப்பது காலையில், சமதரையில், இன்ஜின் தொடாமல் இருக்கும்போது. குச்சியை எடுத்து நன்றாகத் துடைத்து, குழாய் வடியக் கொஞ்சம் விட்டு, மெதுவாக உள்ளே விட்டு எடுப்பேன். ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் காட்டும். தாழ்வாக இருப்பதுதான் உண்மை என்று எடுத்துக்கொள்வேன். பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் அடுத்த நாள் காலை இதைச் செய்துவிட்டு, கிளவ் பாக்ஸில் இருக்கும் நோட்டில் கிலோமீட்டரையும் ஊற்றிய அளவையும் எழுதிவைக்கிறேன். ஈஜே கொஞ்சம் ஆயில் குடிக்கும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. எப்போதும் குடிக்கும் அளவு திடீரென்று இரட்டிப்பானால்தான் கவலைப்பட வேண்டும். அந்த வித்தியாசம் நோட்டு இருந்தால்தான் தெரியும்.

எந்த ஆயில் என்று பெரிய சண்டையே நடக்கும். கம்பெனி சொல்வது 5டபிள்யூ-30. வெயில் அதிகம் உள்ள ஊர்களிலும் அழுத்தி ஓட்டுபவர்களிடமும் நல்ல சிந்தெடிக் 5டபிள்யூ-40 பரவலாக இருக்கிறது, நானும் அதைத்தான் ஊற்றுகிறேன். என்னைக் கேட்டால் பிராண்டைவிட இடைவெளி முக்கியம். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். மானுவல் இதைவிட அதிகம் அனுமதிக்கும் சந்தைகள் உண்டு. டர்போவின் சூட்டில் ஆயில் படும் பாட்டைப் பார்த்தால் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆயில் மாற்றிய பிறகு பழைய ஃபில்டரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதற்கென்று இருக்கும் கட்டரால் திறக்க வேண்டும். ஹேக்ஸா பிளேடு வைத்தால் அதன் தூளே உள்ளே விழுந்து குழப்பும். மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை வெட்டி எடுத்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் விரித்துப் பாருங்கள். கறுப்பாகப் பிசுக்கு இருப்பது சாதாரணம். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு மினுக்குத் தெரிந்தால் அடுத்த முறையும் பாருங்கள். மடிப்பு முழுக்க ஜிகினா தூவியது போல் மின்னினால் காந்தத்தைக் கொண்டுவாருங்கள். காந்தத்தில் ஒட்டாத வெள்ளி நிற, செம்பு நிறச் சீவல்கள் பேரிங்கிலிருந்து வருபவை. அன்றோடு வண்டியை நிறுத்திவிடுங்கள். அந்தக் கட்டத்தில் நிறுத்தினால் கிராங்க் ஷாஃப்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

ஆயில் பேச்சோடு சேர்ந்தது டர்போவுக்குப் போகும் பாதை. 2006-ஐ ஒட்டிய மாடல்களில் ஆயில் குழாயின் பாஞ்சோ போல்ட்டுக்குள் சின்னதாக ஒரு வலை ஃபில்டர் இருக்கும். ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டிகளில் அது அடைத்து டர்போவுக்கு ஆயில் போகாமல் செய்துவிடும். பழைய வண்டி வாங்கினால் முதல் சர்வீஸிலேயே அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டும் விதம்

டெம்பரேச்சர் முள் நடுவில் வந்துவிட்டால் இன்ஜின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். அது கூலண்டின் சூடு, ஆயில் அதற்குப் பிறகுதான் வரும். முள் நடுவுக்கு வந்த பிறகும் பத்து நிமிடம் போல 3000 ஆர்பிஎம்முக்குள் வைத்து, பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏறாமல் ஓட்டுங்கள். வந்து நிறுத்தும்போதும் கடைசிச் சில கிலோமீட்டர் நிதானமாக வந்தால் போதும். டர்போவில் கூலண்டும் ஓடுகிறது, இன்ஜின் நின்ற பிறகும் சூட்டினாலேயே அது சுற்றும்.

அப்புறம், ஆறாவது கியரில் 2000 ஆர்பிஎம்மில் போகும்போது முன்னால் இருக்கும் லாரியைத் தாண்ட வேண்டுமென்று காலை முழுக்க அழுத்தாதீர்கள். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது பூஸ்ட் ஏறினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் நீடித்து நிற்கும். பிஸ்டன் விளிம்பை உடைப்பது இதுதான். இரண்டு கியர் இறக்கிவிட்டு அழுத்துங்கள். சத்தம் அதிகமாகத்தான் வரும், ஆனால் இந்த இன்ஜின் அந்தச் சுற்றில்தான் நிம்மதியாக இருக்கிறது.

நாக்கிங்கை எண்ணாகப் பார்ப்பது

பெட்ரோலில் கை வைக்கக் கூடாது. மானுவலில் எந்த ஆக்டேன் போட்டிருக்கிறதோ அதற்குக் கீழே ஒருநாளும் போகாதீர்கள். நாக்கிங் நடப்பது காதுக்குக் கேட்காது, இன்ஜின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். சுபாரு அதை ஒரு எண்ணாக வைத்திருக்கிறது. ஐஏஎம் என்றும் சொல்வார்கள், டிஏஎம் என்றும் சொல்வார்கள். என் வண்டியில் அது 1 என்று இருக்க வேண்டும். தொடர்ந்து நாக்கிங் உணர்ந்தால் கம்ப்யூட்டர் அதைக் குறைத்துவிடும். ஆக்செஸ்போர்ட் என்ற டியூனிங் கருவி வைத்திருந்தால் அதன் திரையிலேயே தெரியும். இல்லையென்றால் ஒரு கேபிளும் இலவச ரோம்ரைடர் மென்பொருளும் ஒரு பழைய லேப்டாப்பும் போதும்.

அதோடு ஃபீட்பேக் நாக் என்று இன்னொரு எண் வரும், அந்த நொடியில் கம்ப்யூட்டர் டைமிங்கை எத்தனை டிகிரி பின்னுக்கு இழுத்தது என்று காட்டுவது. சமமான வேகத்தில் போகும்போதோ காலை எடுத்து வைக்கும்போதோ எப்போதாவது மைனஸ் 1.4 காட்டினால் விட்டுவிடலாம். சென்ஸாருக்கு ஏதோ அதிர்வு கேட்டிருக்கும். முழு ஆக்சிலரேட்டரில், அதே ஆர்பிஎம்மில், ஒவ்வொரு முறையும் மைனஸ் வந்தால் அது உண்மை. காலை எடுங்கள். பெட்ரோல், பிளக், எங்காவது காற்று கசியும் குழாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை அழுத்தி ஓட்ட வேண்டாம். ஐஏஎம் 1-க்குக் கீழே இருக்கும் வண்டியோடு ரேஸ் டிராக்குக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்குகிறது.

டைமிங் பெல்ட், கூலண்ட்

பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும் வகை இன்ஜின் இது. மாற்றும் இடைவெளி சந்தைக்குச் சந்தை மாறும். நான் 1,00,000 கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறேன், ஓடாத வண்டி என்றால் வருடக் கணக்கும் பார்க்க வேண்டும். பெல்ட்டை மட்டும் மாற்றுவதில் அர்த்தமில்லை. வாட்டர் பம்ப் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. ஐட்லர்களும் டென்ஷனரும் அதோடு சேர்ந்து வயதானவை. கிட்டாக வாங்கி மொத்தமாக மாற்றுங்கள். மேனுவல் கியர் வண்டியில் கிராங்க் பல்சக்கரத்தின் மேல் பெல்ட் நழுவாமல் இருக்க ஒரு சின்ன கைடு தகடு உண்டு. அதைத் திரும்பப் போட்டாரா, இடைவெளி சரியாக வைத்தாரா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

கூலண்ட் மாற்றும்போது காற்று மாட்டிக்கொள்வதுதான் பிரச்சினை. முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜினுக்கு மேலே இருக்கும் உலோகத் தொட்டி வழியாக மெதுவாக ஊற்றி, குமிழி நிற்கும்வரை காத்திருங்கள். ரேடியேட்டர் மூடியும் அந்தத் தொட்டியின் மூடியும் ஒன்றல்ல, மாற்றிப் போடக் கூடாது.

டயரும் மற்றவையும்

நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கும் வண்டி என்பதால் நாலு டயரும் ஒரே பிராண்ட், ஒரே மாடல், ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும் என்பது சுபாருவின் கணக்கு. அதற்கு மேல் போனால் நேர் சாலையில் போகும்போதும், முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் சென்டர் டிஃபரன்ஷியல் ஓய்வில்லாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். காற்றை நாலிலும் சமமாக வைத்துவிட்டு, தையல் டேப்பை டயரின் நடுவே சுற்றி அளந்துவிடலாம். ஒரு டயர் கிழிந்தால் ஒன்றை மட்டும் புதிதாகப் போடும் ஆசை வரும். மற்ற மூன்றும் பாதி தேய்ந்திருந்தால் அது வேண்டாம்.

ஆறு கியர் பெட்டிக்கு 75டபிள்யூ-90, ஜிஎல்-5 வகை. முன் டிஃபரன்ஷியலும் அதே ஆயிலில் மூழ்கியிருப்பதால் அந்த வகைதான் வேண்டும். பின் டிஃபரன்ஷியல் தனி, அதை மறந்துவிடுகிறார்கள். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்றால் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். டிராக்குக்குப் போவதென்றால் போவதற்கு முன் மாற்றுங்கள்.

பவர் ஏற்றும் ஆசை

ஆசை வரும், தப்பில்லை. 1995-இல் காலின் மெக்ரே உலக ராலி பட்டம் வென்ற வண்டியின் வழிவந்தது, சும்மா இருக்க விடாது. ஆனால் வரிசை முக்கியம். முதலில் டயர், பிரேக் பேட், சஸ்பென்ஷன். இவை எதுவும் இன்ஜினுக்கு ஆபத்தில்லை, ஓட்டும் சுகமும் உடனே தெரியும்.

ஏர் இன்டேக்கை மட்டும் மாற்றிவிட்டு டியூன் செய்யாமல் ஓட்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்ஸார் அந்தக் குழாயில்தான் இருக்கிறது. குழாயின் விட்டம் மாறினால் சென்ஸார் சொல்லும் கணக்கு தப்பாகி, பெட்ரோல் குறைந்து போய் நாக்கிங் வரும். உஸ் என்று வெளியே காற்றை விடும் புளோ-ஆஃப் வால்வும் அதே கதைதான். கம்ப்யூட்டர் ஏற்கனவே கணக்கில் எடுத்த காற்று வெளியே போய்விடுவதால், கியர் மாற்றும்போதெல்லாம் பெட்ரோல் கூடிப் போகும். பின்பக்க சைலன்ஸரை மாற்றினால் பெரிய பாதிப்பில்லை. டர்போவை ஒட்டிய புகைக் குழாயான டவுன்பைப்பை மாற்றினால் பூஸ்ட் கட்டுப்பாடு மீறும், டியூன் இல்லாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

சிலிண்டர்களிலிருந்து புகையை எடுத்துவரும், சமமில்லாத நீளத்தில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஹெடரால்தான் அந்த கடகட உறுமல் வருகிறது. சம நீள ஹெடர் போட்டால் அது போய்விடும். போட்ட பிறகு வருத்தப்படுபவர்கள் நிறைய, அதனால் யோசித்துச் செய்யுங்கள்.

கழற்றும் ஒரிஜினல் பாகம் எதையும் விற்காதீர்கள். இதே வரிசையின் 2 லிட்டர் ஈஜே20 இன்ஜின் ஜப்பானில் 2019-இல் 555 வண்டிகளோடு விடைபெற்றது, ஈஜே257 வைத்த எஸ்டிஐ 2021 மாடலோடு நின்றுவிட்டது. ஏர் பாக்ஸ், டவுன்பைப், இன்டர்கூலர் குழாய்கள் எல்லாவற்றையும் துடைத்து, போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு, எது எங்கே போகும் என்று எழுதி ஒட்டி எடுத்துவையுங்கள். ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் கிடைக்கும்போதே ஒரு செட் வாங்கி வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.