கோல்கீப்பர் மட்டைக்குக் கொண்டை வேண்டாம்

2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. கோவில்பட்டியிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவந்த எங்கள் பையன்களில் மூன்று பேர் கோல்கீப்பர்கள். திரும்பிவந்த மறுநாளே மூவரும் மைதானத்துச் சுவரோரம் உட்கார்ந்து, மட்டையின் கைப்பிடியில் பட்டையாகச் சுற்றியிருந்த கிரிப்பைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். ஒருவன் சைக்கிள் டியூபை நீளவாக்கில் கீறிக்கொண்டிருந்தான். இன்னொருவன் வீட்டிலிருந்து பழைய துண்டைக் கிழித்து எடுத்துவந்திருந்தான். மூன்றாமவன் எலக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் கறுப்பு டேப்பில் நான்கு சுருள் வாங்கிவந்து, மட்டையின் உச்சியில் சுற்றிக்கொண்டே இருந்தான். இருபது வருடங்களுக்கு முன்னால் கோல்கீப்பராக நான் செய்ததையேதான் மூவரும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு செய்தார்கள். அதனால்தான், மட்டைக்குக் கிரிப் சுற்றும்போது கோல்கீப்பர்கள் செய்யும் தவறுகளைப் பற்றி இதை எழுதுகிறேன்.

பழைய பசையைச் சுரண்டாமல் சுற்றுவது, தளர்வாகச் சுற்றுவது, கடைசியில் டேப் போட்டு முடிக்க மறப்பது போன்றவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவற்றை ஒரு நாள் பயிற்சியே கற்றுக்கொடுத்துவிடும்.

மற்ற ஆட்டக்காரர்களின் கிரிப்பை அப்படியே வைத்துக்கொள்வது

கடையில் வாங்கும் மட்டையில் கிரிப் மேல்பாதியில்தான் இருக்கும். மற்ற ஆட்டக்காரர்களுக்கு அது பொருத்தம். அவர்களுடைய இடது கை உச்சியில் இருக்கிறது. நாம் வலது கை ஒன்றால் மட்டும் மட்டையைப் பிடிக்கிறோம், அதுவும் உச்சியிலிருந்து நன்றாக இறங்கி, நடுப்பகுதியை ஒட்டி. பெரும்பாலான மட்டைகளில் கிரிப் முடிகிற விளிம்பு நம் உள்ளங்கைக்குக் கீழேயே வந்து நிற்கும். பாதிக் கை கிரிப்பிலும் மீதிக் கை வழுவழுப்பான தண்டிலும் இருந்தால் எந்தப் பிடியும் நிற்காது.

கையுறையை மாட்டிக்கொள்ளுங்கள். காலுக்குப் பேடு, பாதத்துக்குக் கிக்கர் எல்லாம் கட்டிக்கொண்டு கோலுக்கு முன்னால் நிற்கிற நிலையில் நில்லுங்கள். கை இயல்பாக எங்கே போய்ப் பிடிக்கிறதோ, அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கிரிப் அந்தக் கோட்டுக்குக் கீழே நான்கு விரற்கடையாவது இறங்க வேண்டும். ஒரு கிரிப் போதாது என்றால் இரண்டாவதை வாங்கி, முதலாவது முடிகிற இடத்திலிருந்து தொடருங்கள். வெறுங்கையால் பிடித்துப் பார்த்து இடத்தை முடிவுசெய்யாதீர்கள். போட்டியில் வெறுங்கையோடு யாரும் நிற்பதில்லை.

உச்சியில் கொண்டை போடுவது

நான்கு சுருள் டேப் வாங்கிய பையன் செய்ததுதான் இது: மட்டையின் உச்சியில் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒரு முண்டு போடுவது. இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கொண்டை போடுவதற்குச் சொல்லப்படும் காரணம் நியாயமானதாகவே தோன்றும். வலப்பக்கம் பாய்ந்து மட்டையை முழுநீளத்துக்கு நீட்டும்போது, பிடியைத் தளர்த்தித் தண்டைக் கைக்குள் ஓடவிடுகிறோம். கை உச்சிக்கு வந்து சேர்கிறது. அங்கே ஒரு முண்டு இருந்தால் மட்டை கையைவிட்டுப் பறக்காது என்பது கணக்கு. என் சீனியர் ஒருவரின் மட்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொண்டை இருந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாக வேண்டும் என்று தோன்றியது. துணி டேப், அதன்மேல் கறுப்பு டேப், அதன்மேல் டியூப், மறுபடியும் டேப். இரண்டு நாள் வேலை.

வெளியூரில் ஒரு போட்டியின் அரையிறுதி. ஆட்டத்துக்கு முன்னால் மட்டைகளைச் சோதித்தார்கள். சோதித்த அதிகாரி மேசையிலிருந்து ஓர் இரும்பு வளையத்தை எடுத்து என் மட்டையின் உச்சியில் வைத்தார். வளையம் கொண்டையின் மேலேயே தொப்பி போல உட்கார்ந்துகொண்டது. இறங்கவே இல்லை. விதி மிகத் தெளிவானது: சுற்றியிருக்கும் கிரிப், டேப் எல்லாவற்றையும் சேர்த்து, மட்டை 51 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள வளையத்துக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். எடையும் அப்படித்தான், சுற்றியவை உட்பட 737 கிராமைத் தாண்டக் கூடாது. எனக்கு அந்த வளையத்தைப் பற்றி அன்றுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிரித்துவிட்டு வா என்றார் அவர். பிளேடால் கீறினேன். டேப்போடு சேர்ந்து கீழே இருந்த கிரிப்பும் கிழிந்து வந்தது. தண்டு முழுக்கப் பசை. கடைசியில் எங்கள் பேக் ஆட்டக்காரரின் உபரி மட்டையை வாங்கிக்கொண்டு இறங்கினேன். அதில் கிரிப் மேல்பாதியோடு நின்றது. இரண்டாவது பாதியில் வலப்பக்கம் தரையோடு ஒரு பந்து வந்தது. அடித்த வேகம் பெரிதில்லை. மட்டையை வைத்துவிட்டேன், சரியான இடத்தில்தான் வைத்தேன். பந்து பட்ட அதிர்வில் தண்டு கையுறைக்குள் கால்வட்டம் திரும்பியது. தட்டையான முகம் மேலே பார்க்க, பந்து விளிம்பில் உரசிக் கம்பத்தின் உட்புறமாகப் போய்விட்டது. அந்த ஒரு கோலில் தோற்றோம். பதினொரு பேர் வீட்டுக்குத் திரும்பினோம்.

என்னை இன்றும் அறுப்பது வேறொன்று. கொண்டை போடுவதற்கு முன்னால் என் மட்டை கையைவிட்டுப் போனதே இல்லை. இல்லாத நோய்க்கு நான் மருந்து தேடியிருக்கிறேன்.

சோதனையில் தப்பித்தாலும் கொண்டை கெடுதல்தான். நாம் மட்டையை நடுவில் பிடிப்பதால் பின்பாதி முன்கைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முனையில் எடை ஏற்றினால் தராசுத் தட்டு போல முன்பக்கம் எழும்புகிறது. தரையில் கிடக்க வேண்டிய மட்டையின் தலை ஒரு விரல் உயரம் மேலே நிற்கிறது. தவறுக்குத் தண்டனையாக எதிரணிக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரில் தரையோடு வரும் பந்துக்கு அந்த ஒரு விரல் இடைவெளியே போதும். மட்டையை உள்நோக்கி வீசும்போது முண்டு முழங்கைப் பட்டையில் இடிக்கும், மார்புக் கவசத்தின் வாரில் மாட்டும்.

கொண்டையோடு வரும் இன்னொரு கேடு, தண்டு முழுவதையும் பருமனாக்குவது. மட்டையின் கைப்பிடியைக் கவனித்துப் பாருங்கள். அது முழு உருளை இல்லை, சற்றே முட்டை வடிவம். கையுறைக்குள் இருக்கும் விரல்களுக்கு மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்வது அந்த வடிவம்தான். மூன்று நான்கு அடுக்கு சுற்றினால் முட்டை உருண்டையாகிவிடுகிறது. கண்ணால் பார்க்காமல் முகத்தின் திசை தெரியாது. மட்டையால் பந்தை இழுத்துச் சுண்டி எறியும் டிராக் ஃபிளிக் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி வரும்போது மட்டையைக் குனிந்து பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? கையுறையின் உள்ளங்கைத் துணியும் பருமனைக் கூட்டுவதால் விரல்கள் முழுதாக மூடாது. முன்கை சீக்கிரம் களைத்துவிடும்.

உச்சியில் ஏதாவது இருந்தே ஆக வேண்டும் என்றால், கிரிப்புக்கு அடியில் துணி டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். சுண்டுவிரலுக்குத் தட்டுப்பட்டால் போதும். முகத்தின் திசை தெரிவதற்கு, தண்டின் பின்பக்கம் நெடுக டேப்பை ஒடுக்கமாக மடித்து ஒரு வரி ஒட்டி, அதன்மேல் கிரிப்பைச் சுற்றுங்கள். மெல்லிய வரப்பு போல அது விரலுக்குத் தெரியும். இதை ஒரு வாரம் பழகிய பையன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக் காட்டுவான்.

சுற்றும் திசையைக் கவனிக்காதது

கீழிருந்து மேலாகச் சுற்றினால் அடுக்குகளின் விளிம்புகள் கூரை ஓடு போலக் கீழ்நோக்கி நிற்கும். மழைக்கு அது சரி, நமக்குச் சரியில்லை. பாய்ந்து நீட்டும்போது நம் கை தண்டின் மேல் உச்சியை நோக்கிப் போகிறது. ஒவ்வொரு விளிம்பிலும் கையுறை தட்டி, நாளடைவில் கிரிப்பை உரித்துவிடும். உச்சியில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். அடுக்கு ஒன்றன்மேல் ஒன்று மிகக் கொஞ்சமே ஏற வேண்டும்.

துண்டும் டியூபும்

செயற்கை இழை மைதானத்தில் ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் அடிப்பார்கள். கையுறை நனையும். ஈரத் துண்டு தண்ணீரைக் குடித்துக் கனக்கும், முறுக்கிக்கொள்ளும். டியூப் ரப்பர் ஈரத்தில் வழுக்கும், மே மாத வெயிலில் கையுறையோடு ஒட்டும். தண்ணீரை உறிஞ்சியும் மெல்லியதாகவே இருக்கும் ஷாமி வகைக் கிரிப் ஒன்று வாங்குங்கள். காசில்லாத பையன்கள் என்னிடம் கேட்கட்டும். டியூபைக் கீற வேண்டாம்.

ஆணி, கம்பி, ஸ்டேப்ளர் முள்

வேண்டாம். மட்டையில் கூரான எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி.

போட்டி நாள் காலையில் புதுக் கிரிப்

மூன்று பயிற்சி நாட்களாவது முன்னதாக மாற்றுங்கள்.

வளையம் இல்லாமல் இருப்பது

லேத் பட்டறையில் சொன்னால் 51 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் ஓர் இரும்பு வளையம் கடைந்து தருவார்கள். எங்கள் கிட் பையில் ஒன்று எப்போதும் கிடக்கிறது. அன்று, நான்கு சுருள் டேப் வாங்கிய அந்தப் பையனிடம் நான் எதுவும் பேசாமல் அதை எடுத்து நீட்டினேன். வாங்கித் தன் மட்டையின் உச்சியில் வைத்தான். நின்றுவிட்டது. அழுத்திப் பார்த்தான், திருகிப் பார்த்தான். பிறகு அவனாகவே உட்கார்ந்து டேப்பின் முனையைத் தேடிப் பிரிக்க ஆரம்பித்தான். பிரித்ததை எல்லாம் உருட்டி வைத்தபோது அது ஏறக்குறைய ஒரு ஹாக்கிப் பந்தின் அளவுக்கு இருந்தது. வளையத்தை மறுபடியும் வைத்தான். கையை எடுத்ததும் அது கைப்பிடி நெடுக வழுக்கிக்கொண்டு போய், மட்டையின் வளைவில் கணீரென்று நின்றது.