சோடியம் அணுவைக் கொப்பியில் வரைவது எப்படி?

அணுவின் படத்தில் பிழை வருவது பெரும்பாலும் கவராயத்தை முதலில் எடுப்பதால்தான். கணக்கை முடித்துவிட்டு வரையத் தொடங்குங்கள்.

ஆனையிறவு உப்பில் உள்ள சோடியத்தையே எடுப்போம். அணுவெண் 11, திணிவெண் 23. ஆகவே புரோத்தன் 11; நடுநிலை அணு என்பதால் இலத்திரனும் 11. நியூத்திரன் 23 − 11 = 12. இந்த மூன்றையும் தாளின் மூலையில் குறித்துவையுங்கள்.

சி.ஆர். கொப்பியில் ஒரே மையத்தில் 1, 2, 3, 4 செ.மீ. ஆரைகளில் நான்கு வட்டங்கள் போடுங்கள். சிறியது கரு, அதற்குள் புரோத்தன், நியூத்திரன் எண்ணிக்கையை எழுதினால் போதும். மற்ற மூன்றும் சக்தி மட்டங்கள். உள்ளிருந்து 2, 8, 1 என நிரப்புங்கள். எட்டு வரும் மட்டத்தில் மேல், வலம், கீழ், இடம் என முதலில் ஒவ்வொரு புள்ளி. ஐந்தாவதிலிருந்து சோடி சேருங்கள். உப்பில் சோடியத்தோடு சேரும் குளோரீனின் (2, 8, 7) வெளி மட்டத்தில் தனித்து நிற்கும் ஒரு புள்ளி அப்போதுதான் கண்ணில் படும்.

வட்டங்களை இலத்திரன் ஓடும் பாதை என்று நினைக்க வேண்டாம். நீல்ஸ் போர் 1913இல் முன்வைத்த மாதிரியில் அவை பாதைகளே. இன்று நாம் அவற்றைச் சக்தி மட்டங்களாக மட்டுமே வாசிக்கிறோம். அளவும் உண்மையானதல்ல: கரு 1 செ.மீ. எனில், வெளி மட்டம் சில நூறு மீற்றர் தள்ளிப் போகும்.

பொற்றாசியத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மூன்றாம் மட்டம் 18 வரை கொள்ளும் என்று படித்ததால் 2, 8, 9 என்று எழுதுகிறார்கள். சரியானது 2, 8, 8, 1. நான்காம் மட்டத்தின் முதல் உபமட்டம் (4எஸ்) மூன்றாம் மட்டத்தின் கடைசி உபமட்டத்தைவிட (3டி) இங்கே சக்தி குறைந்தது. 19ஆம், 20ஆம் இலத்திரன்கள் அங்கே போகின்றன. 21இல் மூன்றாம் மட்டம் மீண்டும் நிரம்பத் தொடங்குவதால், இந்த எளிய முறையைக் கல்சியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அணுவெண் 17 உள்ள குளோரீனுக்கு, அட்டவணையில் உள்ள அணுத்திணிவைக் கொண்டு 35.5 − 17 என்று கழித்து அரை நியூத்திரன் வரையக்கூடாது. 35.5 என்பது இரு சமதானிகளின் (நியூத்திரன் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் அணுக்களின்) சராசரி. ஓர் அணுவில் இருப்பது 18 நியூத்திரன் அல்லது 20.

உப்பை வரையும்போது சோடியத்தின் வெளி இலத்திரனை அழித்து, குளோரீனின் வெளி மட்டத்தில் × என்று போடுங்கள். குளோரீனின் சொந்த இலத்திரன்கள் புள்ளியாகவே இருக்கட்டும். கருவைத் தொடாதீர்கள். ஒவ்வோர் அயனையும் (இலத்திரனை இழந்த அல்லது பெற்ற அணுவையும்) சதுர அடைப்புக்குள் வைத்து, மேல் வலது மூலையில் ஏற்றத்தைக் குறியுங்கள். புரோத்தனிலிருந்து இலத்திரனைக் கழித்தால் 11 − 10 = +1, 17 − 18 = −1; கூட்டினால் பூச்சியம் வரவேண்டும். வராவிட்டால் முதலில் குளோரீனின் வெளி மட்டத்தை எண்ணிப் பாருங்கள்.