குறைந்த செலவில் மின்சார வின்ச்: பெட்டியில் அச்சடித்த எண்ணை எப்படிப் படிப்பது

சகதியில் அச்சு வரை புதைந்த வண்டி, இழுத்துவிட இன்னொரு வண்டி இல்லாத இடம். அங்கே கைகொடுப்பது முன்பக்கம் பொருத்திய வின்ச்தான். ஒரு மோட்டார், பல்சக்கரத் தொகுதி, கயிறு சுற்றிய டிரம், அவ்வளவுதான் அதன் உடம்பு. ஆனால் முதன்முறை வாங்கப் போகிறவருக்குக் குழப்பம் நிச்சயம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் 9,500 அல்லது 12,000 பவுண்டு என்று போட்டிருக்கும், விலை மட்டும் மடங்குக் கணக்கில் வேறுபடும்.

அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது உண்மையாக, சில நிபந்தனைகள் ஒன்றுகூட வேண்டும்: டிரம்மில் அடிச்சுற்றுக் கயிறு மட்டும் மீதம் இருக்க வேண்டும், பேட்டரி முழு பலத்தில் இருக்க வேண்டும், மோட்டார் சூடாகியிருக்கக் கூடாது. விலை குறைந்த வின்ச் இவற்றில் எங்கே கோட்டை விடுகிறது, அதை நாம் எங்கே ஈடுகட்டலாம் என்று தெரிந்துகொண்டால் போதும். சிக்கனமாக வாங்கி நிம்மதியாக ஓட்டலாம்.

படி 1: வண்டியின் எடை

ஆவணத்தில் இருக்கும் காலி எடையை எடுக்காதீர்கள். முழு டேங்க் எரிபொருள், ஆட்கள், கருவிகள், உதிரி டயர், கூரைமேல் சாமான், புதிதாகப் போட்ட இரும்பு பம்பர், வாங்கப்போகும் வின்ச், எல்லாம் சேர்ந்த மொத்த எடை வேண்டும். எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்ப்பதே நல்லது. அதை 1.5-ஆல் பெருக்குங்கள். கிடைப்பதுதான் வின்ச்சுக்கு வேண்டிய குறைந்தபட்ச இழுவிசை.

உதாரணத்துக்கு 2,400 கிலோ வண்டி. 1.5 மடங்கு 3,600 கிலோ, அதாவது ஏறக்குறைய 7,940 பவுண்டு. 8,000 பவுண்டு வின்ச் கணக்குக்குச் சரியாக இருந்தாலும் விளிம்பில் நிற்கிறது. அடுத்த அளவான 9,500-க்குப் போய்விடுங்கள் என்பேன். 9,500 பவுண்டு என்றால் சுமார் 4,300 கிலோ.

வண்டியின் எடையே 2,400 கிலோதான், எதற்கு இவ்வளவு என்று தோன்றலாம். சமதளத்தில் சக்கரம் உருள்கிற வண்டியை நகர்த்த எடையில் மிகச் சிறு பங்கு விசை போதும் என்பதும் உண்மைதான். இளகிய மணலில் அது ஏறக்குறைய கால் பங்காகும். ஆழமான சேற்றில் பாதி வரை போகும். இதற்குமேல் ஏற்றம் வேறு: சரிவின் ஒவ்வொரு பாகைக்கும் எடையில் அறுபதில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வது வழக்கம். நம் வண்டி ஆழமான சேற்றில், 15 பாகை ஏற்றத்தில் மாட்டினால் 1,200 கிலோவும் 600 கிலோவும் சேர்ந்து 1,800 கிலோ. சக்கரத்துக்கு முன்னால் ஒரு பாறை விளிம்பு தடுத்தாலோ, வயிற்றுப்பகுதி தரையில் உட்கார்ந்து சேறு கவ்விக்கொண்டாலோ இந்தக் கணக்கெல்லாம் தாண்டிவிடும். அதற்கான இடைவெளிதான் அந்த ஒன்றரை மடங்கு. இன்னொரு காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

படி 2: அடுக்கு அட்டவணையைத் தேடுங்கள்

புதிதாக வாங்குகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பெட்டியில் போட்ட இழுவிசை, டிரம்மை ஒட்டிய முதல் அடுக்குக் கயிற்றுக்கு மட்டுமே பொருந்தும். மேலே ஒவ்வொரு அடுக்கு சுற்றும்போதும் டிரம்மின் விட்டம் கூடுகிறது. மோட்டார் தரும் திருப்புவிசை அதேதான், ஆரம் மட்டும் பெரிதாகிறது, எனவே கயிற்றில் கிடைக்கும் இழுப்பு குறைகிறது. அடுக்குக்கு அடுக்கு பத்து சதவீதத்துக்கும் மேல் போய்விடும். முதல் அடுக்கில் 9,500 பவுண்டு இழுக்கும் வின்ச், நான்காவது அடுக்கில் பெரும்பாலும் 6,000 பவுண்டை ஒட்டித்தான் நிற்கும்.

முதல் அடுக்கில் அடங்கும் கயிறு எவ்வளவு? இந்த அளவு வின்ச்களில் சுமார் 5 மீட்டர். 28 மீட்டர் கயிறு இருந்தால், 20 மீட்டருக்கு மேல் வெளியே விட்ட பிறகுதான் முழு பலம் கையில் வரும். பத்தடி தூரத்தில் இருக்கும் மரத்தில் மாட்டி இழுத்தால் பலவீனமான அடுக்கில்தான் இழுக்கிறோம்.

நல்ல தயாரிப்பாளர், விலை குறைந்தவராக இருந்தாலும், அடுக்குவாரியாக இழுவிசையையும், சுமைவாரியாக வேகத்தையும் ஆம்பியரையும் அட்டவணையாகக் கொடுப்பார். அந்த அட்டவணையே இல்லாத வின்ச்சை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

இங்கேயே கப்பியையும் சொல்லிவிடுகிறேன். கயிற்றைக் கொண்டுபோய் எதிரே கட்டிய ஒரு கப்பியில் சுற்றி, கொக்கியைத் திரும்பக் கொண்டுவந்து உங்கள் வண்டியின் சேஸிஸ் வளையத்தில் மாட்டினால், வண்டியின் மீது விழும் இழுப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். வேகம் பாதியாகும். மோட்டாரின் சுமை பாதியாவதால் அது இழுக்கும் மின்சாரமும் வெகுவாகக் குறையும். கயிறும் இரண்டு பங்கு வெளியே போவதால் பலமான அடிஅடுக்குகள் தாமாகவே வேலைக்கு வந்துவிடும். 12,000 பவுண்டு வின்ச்சுக்குக் கூடுதலாகச் செலவழிப்பதைவிட, 9,500 வின்ச்சும் தரமான ஒரு கப்பியும் சிக்கனக்காரருக்குப் பல மடங்கு பயன்படும். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: கப்பியைத் தாங்கும் நாடாப்பட்டை, ஷேக்கிள் (U வடிவ இணைப்பு வளையம்), மரம் ஆகியவற்றின் மீதும் விசை இரட்டிப்பாகத்தான் விழுகிறது.

படி 3: மோட்டார், கியர், பிரேக்

மோட்டாரில் இரண்டு வகை. நிலைக்காந்த மோட்டார் மலிவு, குறைந்த மின்சாரம் எடுக்கும், ஆனால் நீண்ட இழுப்பில் சீக்கிரம் சூடாகித் திணறும். சீரிஸ் வைண்டிங் மோட்டார் மின்சாரத்தைத் தாராளமாகக் குடிக்கும், அதேசமயம் கனமான சுமையில் நின்று இழுக்கும். ஆஃப்ரோடு வண்டியை மீட்க இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். சிறிய இழுவண்டிக்கும் படகு ஏற்றுவதற்கும் முதலாவது போதும்.

குதிரைத்திறன் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். முழுச்சுமையில் கயிறு நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் நகர்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான வின்ச்களில் அது 1 முதல் 2 மீட்டர் வரைதான் இருக்கும். வேகம் குறைவாக இருப்பது தொடக்கக்காரருக்குக் குறையே இல்லை. மெதுவாக நகரும் வண்டியைத்தான் சரியாகக் கட்டுப்படுத்த முடியும்.

கியர் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. இந்த விலையில் கிடைப்பவை ஏறக்குறைய எல்லாமே கோள்பல்சக்கர வகை (நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் ஓடுவது), அது போதும். பிரேக் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். பெரும்பாலான மலிவு வின்ச்களில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கும். சுமையோடு கயிற்றை மோட்டாரால் வெளியே விடும்போது பிரேக் உராய்ந்து டிரம்மைச் சூடாக்கும். 1974-இல் வந்த வார்ன் 8274 போன்ற சில மாதிரிகளில் பிரேக் டிரம்முக்கு வெளியே இருக்கும், ஆனால் அவை சிக்கனப் பட்டியலில் வராது. இந்தச் சூட்டை ஏன் சொல்கிறேன் என்றால், கயிறு எது என்ற கேள்வியோடு அதற்கு நேரடித் தொடர்பு உண்டு.

படி 4: ஸ்டீல் கம்பிவடமா, சிந்தெட்டிக் கயிறா

ஸ்டீல் மலிவு. கல்லில் உரசினாலும் வெயிலில் கிடந்தாலும் தாங்கும். ஆனால் கனம், நாளடைவில் இழைகள் உடைந்து முள்ளாக நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கும். அறுந்தால் அது தேக்கி வைத்திருந்த விசையோடு சாட்டையாகத் திரும்பி வரும்.

சிந்தெட்டிக் கயிறு முன்பக்க எடையில் ஏழெட்டு கிலோ மிச்சப்படுத்தும், தண்ணீரில் மிதக்கும், தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறலாம். அறுந்தாலும் கயிற்றின் எடை குறைவு என்பதால் ஆபத்து குறைவு. முற்றிலும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், முனையில் இருக்கும் கொக்கி பறக்கத்தான் செய்யும். இதற்கு எதிரிகள் மூன்று: கூர்மையான விளிம்பு, வெயில், சூடு. இந்தக் கயிறு நெய்யப்படும் பாலிஎத்திலீன் இழை 150 பாகை செல்சியஸை ஒட்டி உருகிவிடும், அதற்கு வெகு முன்பே பலம் இழக்கத் தொடங்கும். ஆகவே டிரம்முக்குள் பிரேக் இருக்கும் வின்ச்சில் சிந்தெட்டிக் போட்டால், அடிச்சுற்றில் வெப்பத்தைத் தாங்கும் உறை இருக்கிறதா பாருங்கள். கயிற்றை வெளியே எடுக்கும்போது, டிரம்மை மோட்டாரோடு இணைக்கும் கிளட்சை விடுவித்துக் கையால் இழுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரால் வெளியே விடுவதை மிகக் குறுகிய தூரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு சிந்தெட்டிக்தான். அனுபவம் இல்லாத கைகளுக்கு அது பாதுகாப்பு, நான் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். பணம் இடிக்கிறது என்றால் ஸ்டீலோடு தொடங்கிப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றும்போது கயிறு வெளியே வரும் ஃபேர்லீட்டையும் மாற்ற வேண்டும்: ஸ்டீலுக்கு உருளைகள் கொண்டது, சிந்தெட்டிக்குக் கீறல் இல்லாத வழுவழுப்பான அலுமினியத்தால் ஆனது. ஸ்டீல் ஓடித் தேய்ந்த விளிம்பில் சிந்தெட்டிக்கை ஓட்டினால் சில இழுப்பிலேயே நார்நாராகிவிடும்.

படி 5: மின்சாரம்

9,500 பவுண்டு வின்ச் சுமையின்றி ஓடும்போதே 70 ஆம்பியர் அளவில் எடுக்கும். முழுச்சுமையில் 400 ஆம்பியரைத் தொடும் அல்லது தாண்டும். சாதாரண ஆல்டர்னேட்டர் தருவது 100 ஆம்பியர் அருகே. மிச்சம் முழுக்க பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் வின்ச்சை இயக்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் ஐடிலுக்குச் சற்று மேலே. பேட்டரி குளிர்நிலைத் தொடக்க மின்னோட்டம் (பேட்டரியில் CCA என்று போட்டிருக்கும்) குறைந்தது 650 ஆம்பியர் உள்ளதாக, நல்ல நிலையில் இருக்கட்டும்.

சிக்கன வின்ச்கள் பணத்தை மிச்சம் பிடிக்கும் இடங்களில் ஒன்று வயர். வயர் மெலிந்தால் மின்னழுத்தம் வழியிலேயே இறங்கிவிடும், மோட்டார் திணறும், இன்னும் சூடாகும். 35 சதுர மில்லிமீட்டர் தாமிர வயரைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி பின்பக்கம் இருந்தால் இன்னும் தடிமன் வேண்டும். நேர்முனை, எதிர்முனை இரண்டையும் நேராக பேட்டரிக்கே கொண்டுபோங்கள். எதிர்முனையை பாடியின் ஏதோ ஒரு போல்ட்டில் கட்டி நிறுத்தாதீர்கள். இடையில் அந்த மின்னோட்டத்தைத் தாங்கும் ஐசோலேட்டர் ஸ்விட்ச் (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்றைப் போடுங்கள். மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் ரிலே ஒட்டிக்கொண்டு வின்ச் நிற்காமல் ஓடினால் அந்த ஸ்விட்ச்தான் காப்பாற்றும். அப்புறம், வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதை ஆர்டர் கொடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு மின்சாரத்தில் பெரும்பங்கு இழுப்பாக மாறாமல் சூடாகவே போகிறது. எனவே கனமான சுமையில் ஒரு நிமிடம் இழுத்தால் சில நிமிடம் ஓய்வு கொடுங்கள். மோட்டார் உறையில் கை வைக்க முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். கையேட்டில் இயங்கும் நேரமும் ஓய்வு நேரமும் போட்டிருந்தால் அதுவே சட்டம்.

படி 6: தண்ணீர், ரிமோட்

தூசியும் தண்ணீரும் புகாத அளவைச் சொல்லும் குறியீட்டில் ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். அது மோட்டாருக்கா, கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மட்டுமா என்று கேளுங்கள். வயர்லெஸ் ரிமோட் வசதிதான், ஆனால் வயர் ரிமோட்டும் கட்டாயம் உடன் வர வேண்டும்.

படி 7: உட்காரும் இடம்

8,000 முதல் 12,000 பவுண்டு வரையிலான பெரும்பாலான வின்ச்களின் போல்ட் துளைகள் 254 × 114.3 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். வின்ச்சைத் தாங்கும் பிளேட்டிலும் அதே அளவு இருக்கிறதா பாருங்கள். பிளேட் சேஸிஸோடு இணைய வேண்டும். தகர பம்பர் இந்த விசைக்குத் தாங்காது. கிளட்ச் நெம்புகோலுக்குக் கை எட்ட வேண்டும், ரேடியேட்டருக்குக் காற்று போக வேண்டும், ஏர்பேக் உள்ள வண்டியானால் அதற்குப் பொருந்தும் என்று சொல்லி விற்கும் பிளேட்டே வேண்டும். பிளேட்டும் வின்ச்சும் சேர்ந்து முன்பக்கம் கணிசமாகக் கனக்கும். ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

படி 8: மிச்சப் பணம் எங்கே போக வேண்டும்

மொத்த பட்ஜெட்டையும் வின்ச்சிலேயே கொட்டிவிடாதீர்கள். கப்பி, மரத்தின் தோலைக் காயப்படுத்தாத அகலமான நாடாப்பட்டை, 4.75 டன் வேலைச்சுமை என்று உடம்பிலேயே பொறித்த இரண்டு ஷேக்கிள், தடித்த தோல் கையுறை, கயிற்றின் மேல் போடும் கனமான போர்வை. இவை இல்லாத வின்ச்சைக் காட்டுக்குக் கொண்டுபோவது ஆபத்து. வேலைச்சுமை பொறிக்காத ஷேக்கிளை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உத்தரவாதத்தையும் படித்துப் பாருங்கள். "வாழ்நாள்" என்று பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் இயந்திரப் பாகங்களுக்குத்தான். மின்பாகங்களுக்குக் காலம் குறைவாக இருக்கும், கெட்டுப்போவதும் பெரும்பாலும் அவைதான். ரிலே, ரிமோட், மோட்டார் மூன்றும் தனித்தனியாக உதிரியாகக் கிடைக்கும் மாதிரியானால், விலை சற்றுக் கூடினாலும் அதையே எடுங்கள்.

படி 9: வின்ச் கைக்கு வந்ததும்

பொருத்திய உடனே காட்டுக்குக் கிளம்ப வேண்டாம். தொழிற்சாலையில் சுற்றிய கயிறு தளர்வாக இருக்கும். அப்படியே கனமாக இழுத்தால் மேல்சுற்று கீழ்ச்சுற்றுகளுக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். லேசான ஒரு சரிவில் வண்டியை நிறுத்தி, மேலே உறுதியான ஒன்றில் கொக்கியை மாட்டுங்கள். டிரம்மில் ஸ்டீலானால் குறைந்தது 5 சுற்று, சிந்தெட்டிக்கானால் 8 முதல் 10 சுற்று விட்டுவிட்டு மிச்சத்தை வெளியே எடுங்கள். வண்டிக்குள் ஒருவர் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டிருக்க, வண்டி தன்னைத்தானே மேலே இழுத்துக்கொள்ளட்டும். சுற்றுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக விழுகின்றனவா என்று தள்ளி நின்று பாருங்கள். கோணலானால் நிறுத்தி, சரிசெய்து, பிறகு தொடருங்கள். கயிற்றுக்கு அருகிலோ அதன் நேர்கோட்டிலோ யாரும் நிற்கக் கூடாது. ஓடும் கயிற்றைக் கையால் வழிநடத்தவும் கூடாது.

பாதி வழியில் பொத்தானை விட்டுவிட்டு வண்டி அப்படியே நிற்கிறதா பாருங்கள். வண்டியில் இருப்பவர் மெல்ல பிரேக் மிதியை விடும்போது வின்ச்சின் பிரேக் வழுக்கினால், திருப்பி அனுப்ப வேண்டிய நேரம் இதுதான். எல்லாம் சரி என்றால் பிளேட் போல்ட்டுகளையும் பேட்டரி முனைகளையும் மறுபடி ஒருமுறை இறுக்கிவிட்டு, ஐசோலேட்டரை அணைத்துவிடுங்கள்.