எல்லாமே ‘படைப்பிரிவு’ இல்லை, எல்லாருமே ‘தளபதி’ இல்லை

ராணுவச் செய்திகளைத் தமிழில் படிக்கும்போது எனக்கு அடிக்கடி உறுத்துவது இந்த இரண்டு சொற்கள்தான். பத்துப் பேர் கொண்ட குழுவும் ‘படைப்பிரிவு’, பதினைந்தாயிரம் பேர் கொண்ட அமைப்பும் ‘படைப்பிரிவு’. அதை நடத்துபவர் யாராக இருந்தாலும் ‘தளபதி’. படிப்பவருக்கு என்னதான் புரியும்?

இந்தியக் காலாட்படையையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் பத்துப் பேர் ஒரு செக்‌ஷன், அதற்குப் பொறுப்பு ஒரு ஹவில்தார். மூன்று செக்‌ஷன் சேர்ந்தால் பிளட்டூன், மூன்று பிளட்டூன் சேர்ந்தால் கம்பெனி. கம்பெனியில் ஏறக்குறைய 120 பேர் இருப்பார்கள், பொதுவாக ஒரு மேஜர் நடத்துவார். இப்படி நான்கு கம்பெனிகளும் கனரக ஆயுதம், தகவல் தொடர்பு பார்க்கிறவர்களும் சேர்ந்து சுமார் 800 பேர் இருந்தால் அது பட்டாலியன், அதன் கமாண்டிங் ஆபீசர் ஒரு கர்னல். அதற்கும் மேலே பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட் என்று போகும். அதனால் தமிழில் ஒரு சொல் தேடி எல்லாவற்றையும் அதில் அடைப்பதைவிட பட்டாலியன், பிரிகேட் என்றே எழுதிவிடுங்கள், தப்பே இல்லை.

அடுத்தது ரெஜிமென்ட், அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். 1758-இல் தொடங்கிய மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரியில் வெலிங்டனில் பயிற்சி மையம் இருக்கிறது, ஆனால் அந்த ரெஜிமென்ட் மொத்தமாக ஒரே இடத்துக்குப் போருக்குப் போவதில்லை. அதன் பட்டாலியன்கள் வெவ்வேறு பிரிகேடுகளின் கீழே ஆளுக்கொரு மூலையில் இருக்கும். ஆக, காலாட்படையில் ரெஜிமென்ட் என்பது குடும்பப் பெயர், களத்தில் நிற்பது பட்டாலியன். டாங்கிப் படையிலும் பீரங்கிப் படையிலும் கதை வேறு, அங்கே ரெஜிமென்ட் என்றாலே கர்னல் நடத்துகிற, பட்டாலியன் அளவிலான ஒரு யூனிட்.

தமிழர் என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று முடிவுகட்டுவதும் தவறு. அதிகாரிகள் எந்த ரெஜிமென்ட்டிலும் சேரலாம். கார்கிலில் 1999-இல் உயிர்விட்ட திருச்சி மேஜர் சரவணன் பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன். அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் ராஜ்புத் ரெஜிமென்ட் அதிகாரி, 2014 ஏப்ரலில் காஷ்மீரின் சோபியானில் வீரமரணம் அடைந்தபோது 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸில், அதாவது அங்கே தீவிரவாத எதிர்ப்புக்கென்று இருக்கும் படையின் 44-ஆவது பட்டாலியனில், பணியில் இருந்தார். இரண்டில் எந்தப் பெயரை எழுதினாலும் சரி, ஏனென்றால் ராஷ்ட்ரிய ரைபிள்ஸுக்கு மற்ற ரெஜிமென்ட்களிலிருந்துதான் ஆட்கள் வருகிறார்கள். இறந்தவரின் வீட்டாருக்கு அந்தப் பட்டாலியன் பெயர் சொந்த ஊர்ப் பெயர் மாதிரி, அதைத் தப்பாக எழுதினால் மனசு வலிக்கும்.

பதவிகளிலும் கவனம் வேண்டும். மேஜர் லெப்டினன்ட்டைவிடப் பெரியவர், ஆனால் மேஜர் ஜெனரல் லெப்டினன்ட் ஜெனரலைவிடச் சின்னவர். காரணம், மேஜர் ஜெனரல் என்பது பழைய காலத்தில் ‘சார்ஜன்ட் மேஜர் ஜெனரல்’ என்று இருந்து சுருங்கிய பெயர். அப்புறம், கடற்படை கேப்டன் தரைப்படைக் கர்னலுக்குச் சமம், தரைப்படைக் கேப்டனோ மேஜருக்கும் கீழே.

கடைசியாக, தோளில் இரண்டு நட்சத்திரம் பார்த்ததும் லெப்டினன்ட் என்று எழுதிவிடாதீர்கள். நட்சத்திரத்தோடு சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று ஒரு பட்டை இருந்தால் அவர் சுபேதார். சிப்பாயாகச் சேர்ந்து, இருபது வருஷத்துக்கும் மேல் சர்வீஸ் போட்டு அந்த இடத்துக்கு வந்தவர். போன வருஷம் வந்த லெப்டினன்ட் பதவியில் அவருக்கு மேலே இருந்தாலும், அவரை மரியாதையாக ‘சாஹப்’ (ஐயா) என்றுதான் கூப்பிடுவார்.