கடல்கடந்து போர்ப்பணி செய்த ஆஸ்திரேலியக் கூலித்தொழிலாளியின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

முதல் உலகப் போரின்போது, 1916 முதல், ஆஸ்திரேலிய அரசும் பிரிட்டனின் போர்த்தளவாட அமைச்சகமும் சேர்ந்து வகுத்த திட்டத்தின்கீழ் 5,000-க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்கள் பிரிட்டனுக்குக் கப்பலேறினார்கள். முதலில் தொழிற்சாலைகளுக்கான கைதேர்ந்த வினைஞர்களும், பின்னர் மண்வெட்டியும் கடப்பாரையும் பிடிக்கும் கூலித்தொழிலாளர்களும் சேர்க்கப்பட்டனர். இவர்கள் படைவீரர்களாக அன்றித் தொழிலாளர்களாகவே சென்றதால், படைவீரர் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக, குடும்பத்தில் வழங்கிவரும் கதையைப் பொய்யென்று தள்ளிவிடாதீர்கள்.

தேடலை ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தேடலில் தொடங்குங்கள். இத்தொழிலாளர்களின் தனிக்கோப்புகள் அங்கே எம்.டி.1139 (MT1139) என்ற வரிசையில் உள்ளன. பெயரின் எழுத்துகளை மாற்றி மாற்றித் தேடுங்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் ஏராளம்.

கோப்பு கிடைத்தால், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைவிட, வீட்டுக்கு அனுப்புவதற்காகச் சம்பளத்தில் பிடிக்கப்பட்ட தொகை பற்றிய தாள்களையே நிதானமாகப் படிக்கச் சொல்வேன். பணம் யார் பெயருக்குப் போனது, எந்த முகவரிக்குப் போனது, நடுவில் முகவரி மாறியதா என்பவற்றிலிருந்து, அவர் இல்லாத வீடு எப்படி நடந்தது என்பது மெல்லத் தெரியவரும். தொகைகளை இன்றைய டாலருக்கு மாற்றாதீர்கள். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற அன்றைய கணக்கிலேயே வைத்து, அதே ஊரின் அன்றைய வீட்டு வாடகையோடு ஒப்பிட்டால்தான் வாசகருக்கு அதன் கனம் புரியும்.

பயணத்துக்குப் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் பயணியர் பட்டியல்களையும், ஊர்ச்செய்திக்கு ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் டிரோவ் தளத்திலுள்ள பழைய செய்தித்தாள்களையும் பாருங்கள். வழியனுப்பு விழா பற்றிய நான்கு வரிச் செய்திகூடப் புறப்பட்ட மாதத்தைக் காட்டிக்கொடுக்கும்.

எழுதும்போது காலச்சூழலை விட்டுவிடக் கூடாது. கட்டாயப் படைச்சேர்ப்பு குறித்து 1916 அக்டோபர் 28 அன்றும் 1917 டிசம்பர் 20 அன்றும் நடந்த இரு வாக்கெடுப்புகளிலும் மக்கள் அதை நிராகரித்தனர். நாடே இரண்டுபட்டுக் கிடந்த அந்நாட்களில் அவர் ஏன் இந்தப் பணியைத் தேர்ந்தார் என்பதற்குக் கடிதமோ வாக்குமூலமோ இல்லையென்றால், நாட்டுப்பற்று என்றோ கூலி ஆசை என்றோ நீங்களாகக் காரணம் கற்பிப்பது அவருக்குச் செய்யும் அநீதி. ஆவணம் சொல்வதையும் உங்கள் ஊகத்தையும் தனித்தனி வாக்கியங்களில் வையுங்கள்.

பிரிட்டனோடு கதையை நிறுத்திவிடாதீர்கள். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களின் இறப்புச் சான்றிதழில் பெற்றோர், திருமணம், பிள்ளைகள் பற்றிய விவரங்கள் கிடைக்கும். வாக்காளர் பட்டியலில் பெயருக்கும் முகவரிக்கும் அருகே தொழிலும் இருக்கும். புறப்படுமுன் வந்த பட்டியலையும் திரும்பியபின் வந்த பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தெருப்பெயர் மாறியதா, ‘கூலித்தொழிலாளி’ என்ற அந்த ஒற்றைச் சொல் மாறியதா என்று பாருங்கள்.